யூதித்து ஓவியத்தில் அந்த வேலைக்காரி என்ன செய்கிறாள்?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 6

பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி வரைந்த, யூதித்து ஒலோபெரினின் தலையை அறுக்கும் படத்துக்கு எங்கு போனாலும் ஒரே விளக்கம்தான் எழுதுகிறார்கள். தன்னைக் கெடுத்தவனைப் படத்தில் கொன்று பழிதீர்த்துக்கொண்டாளாம். அதற்கு மேல் அதில் பார்க்க ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இழையை மூடிவிடலாம்.

ஜனவரி 6

இருக்கிறது. வேலைக்காரியைப் பாருங்கள்.

ஜனவரி 6, இரவு

ஒற்றை வரியில் சொல்லிவிட்டு ஓடினால் எப்படி என்று கேட்டுவிட்டார்கள். சரி.

கதை தெரியாதவர்களுக்கு: யூதித்து ஒரு யூத விதவை. தன் ஊரை முற்றுகையிட்ட எதிரிப் படையின் தளபதி ஒலோபெரினை அவன் கூடாரத்திலேயே கொல்கிறாள். இந்தக் காட்சியை ஆர்ட்டமீசியா இரண்டு முறை வரைந்திருக்கிறார். முதலாவது 1612–13 வாக்கில் வரைந்தது, இப்போது நேப்பிள்ஸில் கபோதிமோன்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாவது 1620 வாக்கில் வரைந்தது, ஃப்ளாரன்ஸில் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டிலும் மூன்று பேர், ஒரு கட்டில், ஒரு வாள். ஒலோபெரின் கட்டிலில் கிடக்கிறான், தலை நம் பக்கம். யூதித்து ஒரு கையால் அவன் தலைமுடியைப் பற்றி அழுத்தியிருக்கிறாள், மறு கையில் வாள். வேலைக்காரி அவனுக்கு மேலே நின்று உடம்பின் எடை முழுவதையும் கைகளில் இறக்கி அமுக்குகிறாள். அவன் ஒரு கையை உயர்த்தி அவளைத் தள்ளப் பார்க்கிறான். பெரிய முரட்டுக் கைமுட்டி, அவள் முகவாய்க்குக் கீழே வந்து நிற்கிறது. எங்கு பார்த்தாலும் கைகள். எந்தக் கை யாருடையது என்று பிரித்தறியவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

வேதாகமத்தில் இந்தப் பெண் அந்த நேரத்தில் அறைக்குள்ளேயே கிடையாது. யூதித்து நூல், 13ஆம் அதிகாரம். பணிப்பெண்ணைப் படுக்கையறைக்கு வெளியே நிற்கச் சொல்கிறாள் யூதித்து. எல்லாரும் போனபின் தனியாக இருந்து, கட்டிலருகே தொங்கிய அவனுடைய வாளையே எடுத்து, முடியைப் பிடித்து, கழுத்தில் இரண்டு முறை ஓங்கி வெட்டுகிறாள். அப்புறம்தான் வெளியே வந்து தலையைப் பணிப்பெண்ணிடம் கொடுக்கிறாள். அவள் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்கிறாள்.

ஆக, நூல் வெளியே நிறுத்திய ஆளை ஓவியம் உள்ளே கூப்பிட்டிருக்கிறது. சும்மா ஒரு ஓரத்தில் நிற்பதற்குக் கூப்பிடவில்லை, பாதி வேலையை அவள் கையில் கொடுத்திருக்கிறது.

ஜனவரி 7

என் சித்தப்பாவுக்குப் பாளையங்கோட்டையில் கறிக்கடை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விடியற்காலையில் ஆள் போதாது என்று என்னையும் எழுப்பிக் கூட்டிப்போவார். எனக்கு வேலை காலைப் பிடிப்பது. பயந்து தள்ளி நின்று பிடித்தால் கிடா உதைத்து எழுந்துவிடும். சித்தப்பா கத்துவார்: "மேல ஏறி அமுக்குலே, கையால மட்டும் பிடிக்காத." முழங்கையை மடக்கக்கூடாது. தோளிலிருந்து எடை நேராக இறங்க வேண்டும். கத்தி பிடித்தவர் தலையைத் தன் பக்கம் இழுக்க வேண்டும், பிடிப்பவர் உடம்பை எதிர்ப்பக்கம் அமுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் சட்டென்று முடியும்.

பல வருடம் கழித்து உஃபிசியில் அந்தப் படத்துக்கு முன் நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது பழியும் இல்லை, பெண்ணியமும் இல்லை. "அட, இவருக்குப் பிடிக்கத் தெரிந்திருக்கிறதே" என்றுதான். வேலைக்காரியின் கைகள் நேராக, தோளிலிருந்து இறங்குகின்றன. இரண்டு பெண்களும் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருக்கிறார்கள். யூதித்து உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்திருக்கிறாள். ரத்தம் தெறிக்கும், உடுத்தியிருப்பதோ தங்கநிறப் பட்டு.

முகத்தில் வெறி இல்லை, அழுகை இல்லை. புருவம் சுருங்கியிருக்கிறது, கவனத்தில்.

ஜனவரி 7, பிறகு

"கறிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை ஓவியம் பார்க்கும் லட்சணம்" என்று எழுதிய நண்பருக்கு: ஆமாம், அப்படித்தான் பார்ப்பேன். நீங்கள் குருவி படம் வரைகிறவர் என்றால் இறகைப் பார்ப்பீர்கள் இல்லையா.

ஜனவரி 8

ஆர்ட்டமீசியாவுக்கு முந்தைய இத்தாலிய ஓவியர் கரவாஜியோவோடு ஒப்பிடச் சொன்னார்கள். அவருடைய யூதித்து 1599 வாக்கில் வரைந்தது, ரோமில் பார்பெரினி அரண்மனையில் இருக்கிறது. ஆர்ட்டமீசியா அவருக்குக் கடன்பட்டவர் என்பதில் சந்தேகமே வேண்டாம். இருட்டுப் பின்னணி, ஒரு பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம், வெட்டு நடந்துகொண்டிருக்கும் அந்த நொடியையே வரைவது, எல்லாம் அங்கிருந்து வந்தவை.

ஆனால் அந்தப் படத்தில் யூதித்து கையை நீட்டி, எட்ட நின்று அறுக்கிறாள். அழுக்குப் பாத்திரத்தை விரல் நுனியால் தூக்குகிற மாதிரி. அந்த நிலையில் நின்று ஒரு ஆம்பிளையின் கழுத்தெலும்பை அறுக்க முடியாது. ரத்தம் சிவப்பு நூல் கட்டியதுபோல விறைப்பாக நிற்கிறது. வேலைக்காரி சுருக்கம் விழுந்த கிழவி, துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு தலை எப்போது வரும் என்று காத்திருக்கிறாள். அவள் யூதித்தின் அழகை எடுத்துக்காட்டத்தான் அங்கே இருக்கிறாள். இளமைக்குப் பக்கத்தில் முதுமை, அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

படம் மோசம் என்று சொல்ல வரவில்லை. கரவாஜியோவின் ஒலோபெரின் முகம்போல ஒன்றை ஆர்ட்டமீசியா வரையவில்லை. உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத அந்த வாய், அந்தக் கண். கரவாஜியோவுக்கு அக்கறை சாகிறவன்மேல். ஆர்ட்டமீசியாவுக்கு அக்கறை வேலை செய்கிறவர்கள்மேல்.

வேலைக்காரியை இளம்பெண்ணாக்கியது இதனால்தான் என்று நினைக்கிறேன். அமுக்குவதற்குக் கிழவி உதவமாட்டாள்.

ஜனவரி 9

"எங்கள் பைபிளில் யூதித்து என்று ஒரு புத்தகமே இல்லையே, எங்கிருந்து கதை விடுகிறீர்கள்?" என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் சீர்திருத்த சபைப் பதிப்பு இருக்கும். எங்கள் வீடும் சி.எஸ்.ஐ. தான், எனக்கும் சின்ன வயதில் இந்தப் பெயரே தெரியாது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கிறது. அடுத்த தெரு அக்கா வீட்டில் வாங்கிப் படித்தேன். தானியேல் நூலின் சூசன்னா கதையும் அப்படித்தான். அங்கே 13ஆம் அதிகாரம் உண்டு, எங்கள் வேதாகமத்தில் 12 அதிகாரத்தோடு முடிந்துவிடும். ஆர்ட்டமீசியா ரோமில் பிறந்த கத்தோலிக்கர். அவருக்கு இவை எல்லாம் கோயிலில் கேட்டு வளர்ந்த கதைகள்.

இரண்டு பதிப்பிலும் இருக்கிற கதைதான் வேண்டும் என்றால் நியாயாதிபதிகள் 4ஆம் அதிகாரத்தில் யாகேல் இருக்கிறாள். எதிரித் தளபதி சிசெராவுக்குப் பால் கொடுத்துப் படுக்கவைத்து, நெற்றிப்பொட்டில் கூடாரத்து ஆணியை அடித்தவள். அதையும் ஆர்ட்டமீசியா 1620இல் வரைந்தார், இப்போது புடாபெஸ்டில் இருக்கிறது. தூணில் கையெழுத்தும் ஆண்டும் போட்டிருக்கிறார். அங்கே யாகேல் தனியாள், வேலைக்காரி கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்தப் படம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சுத்தியலை ஓங்கியிருக்கிறாள், ஆனால் கையில் கனம் தெரியவில்லை.

ஜனவரி 11

இப்போது பழிவாங்கல் விஷயம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நடந்தது இது. ஆர்ட்டமீசியா 1593இல் பிறந்தவர். 12 வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பா ஓராட்சியோ ஜென்டிலெஸ்கியும் ஓவியர், மகளுக்கு வீட்டிலேயே தொழில் கற்றுக்கொடுத்தார். ஓராட்சியோவோடு சேர்ந்து வேலை செய்த அகொஸ்தினோ தாஸ்ஸி என்ற ஓவியன் 1611இல் அந்தப் பெண்ணைக் கெடுத்தான். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லி இழுத்தடித்தான். 1612இல் அப்பா வழக்குப் போட்டார். விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. சாட்சி உண்மைதானா என்று சோதிக்க அவருடைய விரல்களில் கயிற்றைச் சுற்றி முறுக்கினார்கள். ஓவியரின் விரல்கள். வலியில் "உண்மை, உண்மை, உண்மை" என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. தாஸ்ஸிக்கு ரோமை விட்டு வெளியேறும் தண்டனை கிடைத்தது. அதை அவன் ஒழுங்காக அனுபவிக்கக்கூட இல்லை, சில மாதங்களில் திரும்பிவிட்டான். தீர்ப்பு வந்த அதே நவம்பரில் ஆர்ட்டமீசியாவுக்கு வேறொருவரோடு திருமணம், அப்புறம் ஃப்ளாரன்ஸ்.

நேப்பிள்ஸ் படம் இந்தச் சமயத்தைச் சேர்ந்தது. அதனால் இரண்டையும் முடிச்சுப்போடுவது இயல்புதான். நானும் போட்டிருக்கிறேன்.

ஆனால் சில விஷயங்கள் இடிக்கின்றன. சூசன்னாவைக் கிழவர்கள் தொல்லை செய்யும் படம், இப்போது ஜெர்மனியில் பொம்மர்ஸ்ஃபெல்டனில் இருப்பது, 1610 என்று தேதி போட்டு ஆர்ட்டமீசியா கையெழுத்திட்டது. அப்போது வயது 17, தாஸ்ஸி விவகாரம் இன்னும் நடக்கவில்லை. அதிலேயே சூசன்னா உடம்பை முறுக்கி, கையால் தடுத்து, முகத்தைத் திருப்புகிறாள். மற்றவர்கள் வரைந்த சூசன்னாக்களில் பாதிப் பேர் குளிக்கிற சுகத்தில்தான் இருப்பார்கள். அந்தப் படத்தில் அப்பாவின் கை எவ்வளவு என்ற சர்ச்சை உண்டு, இருக்கட்டும். காயம் பட்டபின்தான் இந்தப் பார்வை வந்தது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, யூதித்து அந்தக் காலத்தில் நன்றாக விற்ற சரக்கு. ஆண்கள் எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் யார்மேல் பழி தீர்த்தார்கள்?

ஜனவரி 11, நள்ளிரவு

"விற்ற சரக்கு" என்றதற்கு ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். கலையைக் கொச்சைப்படுத்துகிறேனாம்.

ஆர்ட்டமீசியாவே பணம் பேசக் கூச்சப்பட்டவர் இல்லை ஐயா. 1649இல் நேப்பிள்ஸிலிருந்து சிசிலியில் இருந்த அந்தோனியோ ருஃபோ என்ற சேகரிப்பாளருக்கு எழுதிய கடிதங்களில், உருவம் ஒன்றுக்கு நூறு ஸ்குடி (அன்றைய இத்தாலிய நாணயம்) என்பது தன் விலை, போன ஊரில் எல்லாம் அதைத்தான் வாங்கினேன் என்று கறாராகச் சொல்கிறார். ஒரு பெண்ணால் என்ன முடியும் என்று காட்டுகிறேன் என்று எழுதியதும் அதே ஆளுக்குத்தான். இப்போது பைகளிலும் சட்டைகளிலும் அச்சடிக்கும் அந்த வீர வாசகம் ஒரு வியாபாரக் கடிதத்தில் வருகிறது.

உஃபிசி படத்துக்கும் பணம் சும்மா வரவில்லை. 1635 அக்டோபரில் கலிலியோவுக்கு எழுதிய கடிதத்தில், யூதித்து படத்துக்கு ஃப்ளாரன்ஸை ஆண்ட கோசிமோ பிரபுவிடமிருந்து பணம் வந்தது உங்கள் உதவியால்தான் என்று நினைவூட்டுகிறார்.

அப்புறம், உருவக் கணக்கு என்றால் வேலைக்காரியை உள்ளே கொண்டுவந்ததில் இன்னொரு நூறு ஸ்குடி ஆயிற்றே என்று கேட்டவருக்கு: நல்ல கேள்வி. ஆனால் வெட்டுப்பட்ட தலைக்கு முழு விலையா, பாதி விலையா?

ஜனவரி 12

துட்சியாவைப் பற்றிச் சொல்லாமல் வேலைக்காரியைப் பற்றிப் பேச முடியாது.

ஓராட்சியோ வீட்டு மாடியில் குடியிருந்தவள் துட்சியா. தாயில்லாப் பெண்ணுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அப்பா நம்பிய ஆள். தாஸ்ஸியை வீட்டுக்குள் வரவிட்டது அவள்தான் என்பது வழக்கு. சம்பவத்தன்று அவள் அங்கேதான் இருந்தாள், அவன் போகச் சொன்னதும் எழுந்து போய்விட்டாள். ஆர்ட்டமீசியாவின் வாக்குமூலத்தில் இவள்மேல் இருக்கும் கசப்பு, தாஸ்ஸி மேல் இருப்பதற்குக் குறைந்ததில்லை.

நேற்று முழுக்க "வாழ்க்கையை வைத்துப் படத்தைப் படிக்காதீர்கள்" என்று மல்லுக்கட்டினேன். இன்று இதை எழுதுகிறேன். அறைக்குள் இருக்கவேண்டியவள் எழுந்து போனது வாழ்க்கை. வெளியே நிற்கவேண்டியவள் உள்ளே வந்து அமுக்கிப் பிடிப்பது படம். இந்தப் பொருத்தத்தைக் கலை வரலாற்றாளர்களும் சொல்லியிருக்கிறார்கள், நான் கண்டுபிடித்ததில்லை. நம்பலாமா? எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருப்பதாலேயே கொஞ்சம் தள்ளி நிற்கிறேன்.

பழிவாங்கல் விளக்கத்தில் ஒலோபெரின்தான் நாயகன், அதாவது தாஸ்ஸி. 400 வருடம் கழித்தும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். துட்சியா விளக்கத்தில் குறைந்தபட்சம் படத்தில் நடப்பது இரண்டு பெண்களுக்கு இடையில்.

ஜனவரி 15

இதற்கு எதிராக வைக்கவேண்டிய ஒன்று இருக்கிறது, நானே வைக்கிறேன். இரண்டு பெண்கள் கூட்டாளிகள் என்ற எண்ணம் ஆர்ட்டமீசியாவுக்கு எங்கிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து.

ஓராட்சியோ வரைந்த யூதித்து ஒன்று நார்வேயில் ஓஸ்லோவில் இருக்கிறது, 1608 வாக்கில். கொலை முடிந்துவிட்டது. யூதித்து வாளோடு நிற்கிறாள், வேலைக்காரி தலையோடு நிற்கிறாள், ஏதோ சத்தம் கேட்டு இருவரும் ஒரே பக்கம் திரும்புகிறார்கள். ஃப்ளாரன்ஸ் பிட்டி அரண்மனையில் இருக்கும் ஆர்ட்டமீசியாவின் படம், உஃபிசி படத்துக்குக் கொஞ்சம் முந்தியது, இதிலிருந்து நேராகப் பிறந்தது. யூதித்து வாளைத் தோளில் சாய்த்திருக்கிறாள், ஏதோ தினமும் சுமக்கிற பொருள் மாதிரி. இன்னொரு கை வேலைக்காரியின் தோளில். வேலைக்காரி நமக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் கூடை வைத்திருக்கிறாள், கூடைக்குள் தலை. கூடையின் அடியில் ரத்தம் கசிகிறது. வாளின் பிடியில் வாய் திறந்து அலறும் ஒரு சின்ன முகம் செதுக்கியிருக்கிறது, அந்தப் படத்தில் அலறுவது அது மட்டும்தான்.

ஆக, தோழமை அப்பா வீட்டுச் சொத்து. ஆனால் கொலைக்குப் பின் ஒரே பக்கம் திரும்பிப் பார்ப்பது வேறு, கொலை நடக்கும்போது தோள் கொடுப்பது வேறு. இரண்டாவது மகளுடையது. நேப்பிள்ஸ் படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது வரையும் போக்கிலேயே அவர் பல இடங்களை மாற்றிப் போட்டிருப்பது தெரிந்தது. யாரிடமிருந்தாவது அப்படியே பார்த்து வரைந்திருந்தால் அவ்வளவு திருத்தம் வந்திருக்காது. எடை எங்கே இறங்க வேண்டும் என்று அவர் துணிமேலேயே தேடியிருக்கிறார்.

2020இல் லண்டன் நேஷனல் கேலரி கண்காட்சியில் நேப்பிள்ஸ் படத்தையும் உஃபிசி படத்தையும் ஒன்றாக வைத்தார்கள். வழக்கு ஆவணமும் அங்கே இருந்தது. கொரோனா காலம், போகக் கொடுத்துவைக்கவில்லை.

ஜனவரி 16

ரத்தம் பற்றி. நேப்பிள்ஸ் படத்தில் ரத்தம் மெத்தையில் வழிகிறது. உஃபிசியில் வளைந்து வளைந்து பீச்சுகிறது, யூதித்தின் கையிலும் மார்பிலும் புள்ளி புள்ளியாகத் தெறித்திருக்கிறது. எறிந்த பொருள் வளைகோட்டில் விழும் என்ற கலிலியோவின் கண்டுபிடிப்பை ஆர்ட்டமீசியா அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வரைந்தார் என்று ஒரு கருத்து உண்டு. கலிலியோ அதை அச்சில் வெளியிட்டது 1638இல். ஆனால் இருவரும் ஃப்ளாரன்ஸ் ஓவியக் கழகத்தில் உறுப்பினர்கள், கலிலியோ 1613இல் சேர்ந்தார், ஆர்ட்டமீசியா 1616இல், அந்தக் கழகத்தின் முதல் பெண்ணாக. பேசியிருக்கலாம்.

என்னைக் கேட்டால், கழுத்து ரத்தம் எப்படிப் பீச்சும் என்று தெரிந்துகொள்ள கலிலியோ வேண்டாம். சித்தப்பா கடை போதும்.

ஜனவரி 20

அமெரிக்காவில் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆர்ட்டமீசியாவின் இன்னொரு யூதித்து படத்தை ஏன் இன்னும் தொடவில்லை என்று கேட்டவருக்கு நன்றி. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. சொன்னால் மற்றது எல்லாம் சப்பென்று ஆகிவிடுமே என்று வைத்திருந்தேன்.

1623–25 வாக்கில், திரும்ப ரோமுக்கு வந்தபின் வரைந்தது. ஆறடி உயரப் படம். ஒலோபெரினின் கூடாரத்துக்குள், கொலை முடிந்த கணம். வெளிச்சத்துக்கு ஒரே ஒரு மெழுகுவர்த்தி. மேசைமேல் அவனுடைய இரும்புக் கையுறை கிடக்கிறது. மஞ்சள் உடுப்பில் யூதித்து நிற்கிறாள், ஒரு கையில் இன்னும் வாள். மறு கையை மெழுகுவர்த்திக்கு முன்னால் உயர்த்தியிருக்கிறாள். அந்தக் கையின் நிழல் அவள் முகத்தின்மேல் பிறைபோல விழுந்திருக்கிறது. வேலைக்காரி தரையில் மண்டியிட்டுத் தலையைத் துணிக்குள் திணித்துக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தி நிமிர்கிறாள். வெளியே ஏதோ சத்தம்.

அந்த உயர்ந்த கையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். "உஷ்" என்கிறாளா, கண் கூசாமல் இருட்டைப் பார்க்க வெளிச்சத்தை மறைக்கிறாளா, நிழல் கூடாரத் துணியில் விழக்கூடாது என்று தடுக்கிறாளா. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. மின்சாரம் போன இரவில் அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சுடருக்கும் கண்ணுக்கும் நடுவில் கையை வைத்தால்தான் எதிரே நிற்பவர் தெரிவார்.

இந்தப் படம் நூலோடும் நன்றாகப் பொருந்துகிறது. யூதித்து நூலை எழுதியவர் பெரிய திட்டக்காரர். யூதித்து எதிரி முகாமுக்கு வரும்போதே சொந்தச் சாப்பாட்டைப் பையில் கட்டி வருகிறாள்: வறுத்த தானியம், அத்திப்பழ அடை, அப்பம், திராட்சை மது, எண்ணெய். அவர்கள் உணவைத் தொடமாட்டாள், ஆசாரம். ராத்திரி தோறும் பணிப்பெண்ணோடு முகாமை விட்டு வெளியே போய் ஊற்றில் குளித்து ஜெபித்துவிட்டு வருகிறாள். மூன்று நாள் இப்படி. காவலாளிகளுக்கு அந்தப் பையும் அந்த நேரமும் பழகிவிட்டன. நாலாவது நாள் அதே பையில் அவர்கள் தளபதியின் தலை போகிறது, யாரும் தடுக்கவில்லை. வாளைவிட அந்தப் பைதான் முக்கியமான ஆயுதம். பையைச் சுமந்தவள் வேலைக்காரி.

பிற்பாடு நேப்பிள்ஸில் இதே அமைப்பை இன்னும் பெரிய அளவில் மறுபடி வரைந்தார். அதில் இந்த இறுக்கம் இல்லை.

ஜனவரி 22

எலிசபெத்தா சிரானியைச் சேர்க்கச் சொல்லி ஒரு தோழி எழுதியிருக்கிறார். பொலோஞாவைச் சேர்ந்தவர், 1638இல் பிறந்து 27 வயதில் இறந்தவர், அதற்குள் குவித்துவிட்டார். அவரும் யூதித்து வரைந்தார். அழகான படங்கள்தான், ஆனால் எல்லாம் கொலை முடிந்து கை கழுவியபின் எடுத்த போட்டோ மாதிரி இருக்கும்.

அவர் கதையில் வேறொரு வேலைக்காரி வருகிறாள். சிரானி திடீரென்று இறந்தபோது, விஷம் வைத்துவிட்டாள் என்று வீட்டு வேலைக்காரி லூசியா தொலொமெல்லிமேல் வழக்குப் போட்டார்கள். உடலை அறுத்துப் பார்த்ததில் வயிற்றில் புண். குடற்புண் வெடித்து இறந்திருப்பார் என்பது இன்றைய கருத்து. எஜமானி செத்தால் முதல் சந்தேகம் சோறு போட்டவள்மேல்தானே.

ஜனவரி 27

இழையைத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். "கூட்டாளி", "தோழமை", "தோள் கொடுப்பது" என்று நிறைய எழுதியிருக்கிறேன். முந்தாநாள் ஒருவர் கேட்ட கேள்வி அதைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. அவர், வீட்டு வேலை செய்யும் பெண்மணியின் மகள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு கேட்டது இவ்வளவுதான்: "சரி, பிட்டி படத்தில் கூடையைத் தூக்குவது யார்? டெட்ராய்ட் படத்தில் தரையில் மண்டியிடுவது யார்?"

பதில் எல்லாருக்கும் தெரியும். உஃபிசியிலும் தங்கநிறப் பட்டும் கையில் காப்பும் யூதித்துக்குத்தான். ஒலோபெரினின் முட்டி வேலைக்காரிக்கு.

ஆர்ட்டமீசியா மறைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். யார் நிற்கிறார்கள், யார் குனிகிறார்கள் என்பதைப் பூசி மெழுகாமல் அப்படியே வைத்திருக்கிறார். அவர் வீட்டிலும் வேலைக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் இது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

ஜனவரி 28

கூடையைத் தூக்குவது யார் என்று கேட்ட அதே தோழி மீண்டும் கேட்டிருக்கிறார், கதையின் முடிவில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, அதற்காவது நூலில் ஒரு வரி இருக்கிறதா என்று.

இருக்கிறது. கடைசி அதிகாரம், 16. யூதித்து மறுமணம் செய்துகொள்ளவில்லை, 105 வயதுவரை வாழ்ந்தாள், தன் பணிப்பெண்ணுக்கு விடுதலை கொடுத்தாள், இறந்தாள், ஊரே ஏழு நாள் துக்கம் காத்தது. விடுதலை பற்றி அவ்வளவுதான், ஒரே வாக்கியம். நூல் முழுவதிலும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. தலையைச் சுமந்து வந்த ராத்திரியிலேயே விடுவித்திருக்கலாம், வரிசையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அப்போது அந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.